நான்கு பீங்கான் தட்டுகளில் மக்ரோனி

என் நோயை முதலில் கண்டுபிடித்தவர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். அது அவர்களுக்குத் தெரியாது. ஒரு செவ்வாய்க்கிழமை சொல்வதெழுதுதல் கொடுத்துவிட்டு, மாலையில் இருபத்தெட்டுக் கொப்பிகளையும் திருத்தினேன். மூன்றாவது வாக்கியத்தில் எல்லாரும் ஒரே இடத்தில் காற்புள்ளி போட்டிருந்தார்கள். அங்கே காற்புள்ளி வராது. ஒருத்தியைப் பார்த்து மற்றவள் எழுதியிருப்பாள் என்று முதலில் நினைத்தேன். பிறகு அந்த வாக்கியத்தை நானே உரக்க வாசித்துப் பார்த்தேன். அந்த இடத்தில் என் மூச்சு முடிந்தது.

அன்றைய நாட்குறிப்பில் “மூச்சுக் குறைவு. சுண்ணத்தூள் காரணமாகலாம்” என்று எழுதினேன். அதற்குப் பிறகு ஏழு வாரம் சுண்ணத்தூளையே எழுதிக்கொண்டிருந்தேன். இருமலோடு மாலைக் காய்ச்சலும் வந்தது. மெலிந்தேன். கடைசியில் கைலேஞ்சியில் (கைக்குட்டை) நூல் போல ஒரு சிவப்பு வந்தது. அதைச் சுண்ணத்தூள் என்று எழுத முடியவில்லை. இதை வாசிக்கும் யாருக்காவது இருமல் மூன்று வாரத்தைத் தாண்டியிருந்தால், என்னைப் போல் காரணம் தேடாமல் எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நகரத்து ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே (நெஞ்சின் உட்புறத்தைக் காட்டும் படம்) எடுத்தார்கள். சளியையும் மூன்று நாள் வாங்கிப் பார்த்தார்கள். டாக்டர் யாழ்ப்பாணத்தவர், என்னைவிட இளையவர். படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இடப்பக்கம் மேலே பஞ்சு ஒட்டியது போல் இருந்த இடத்தைக் காட்டினார்.

“டீச்சர், இது சயரோகம். இப்ப மருந்து இருக்கு. முந்தி மாதிரி இல்லை. ஆனா கன நாள் எடுக்கும்.”

சயரோகம் (நுரையீரலை மெல்ல அரிக்கும் தொற்றுநோய்) என்ற சொல் எங்கள் குடும்பத்துக்குப் புதிதல்ல. என் கணவர் ராத்தா என்று கூப்பிடும் மூத்த சகோதரி, என் மதினி, மூதூரில் இருந்தார். மருந்துகள் வருவதற்கு முந்திய காலத்தில் அவருடைய கணவர் இந்த நோயில்தான் போனார்.

அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. திருகோணமலையில், துறைமுகத்துக்குப் போகும் தெருவொன்றில் எங்கள் வீடு. என் கணவர் வெள்ளைக்காரக் கடற்படை அதிகாரிகளின் சாப்பாட்டு மண்டபத்தில் பதினாறு வருடம் சமையல் செய்தவர். அவர்கள் தளத்தை விட்டுப் போன பிறகு ஒரு விடுதிக் குசினியில் வேலை பார்த்தார். எங்களுக்கு ஒரே பிள்ளை, நஸீரா. ஒன்பது வருடம் காத்திருந்து பிறந்தவள். அப்போது ஏழு வயது.

அவளுக்கும் படம் எடுத்தோம். ஒன்றுமில்லை.

எனக்கு மேற்குக் கரையிலுள்ள மார்புநோய் ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்கும்வரை மூன்று வாரம் வீட்டில் இருக்கும்படி சொன்னார்கள். இருமும்போது வாயை மூட வேண்டும், சளியை மூடியுள்ள தகரத்தில் துப்பி எரிக்க வேண்டும், தனியே படுக்க வேண்டும், யன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும். டாக்டர் சொன்னது இந்த நான்குதான். தட்டைப் பற்றிக் கேட்டேன். “நல்லாக் கழுவினாப் போதும்” என்றார். போதும் என்ற சொல்லில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. வீட்டுக்கு வந்து கொப்பியில் கோடு போட்டுப் பதினொரு விதி எழுதினேன். எனக்கென்று ஒரு தட்டு, ஒரு குவளை. அவற்றைப் பத்து நிமிடம் அவிக்க வேண்டும். பிள்ளை என் அறை வாசற்படியைத் தாண்டக்கூடாது. ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் அது தொடங்கிய திகதியைக் குறித்தேன்.

அந்த வீட்டில் அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதைச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் சஹனில் (பலர் சுற்றியிருந்து ஒன்றாக உண்ணும் பெரிய தட்டு) சாப்பிடுவோம். அவரவர் தமக்கு முன்னாலுள்ள பக்கத்தில்தான் கை வைக்க வேண்டும். ஆனால் நல்ல இறைச்சித் துண்டு உம்மாவின் பக்கம் அகப்பட்டால், அதை விரலால் பிள்ளையின் பக்கம் தள்ளிவிடுவார். அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. துண்டு வந்து சேரும். பிள்ளை எடுத்துத் தின்னும். நஸீரா அப்படித்தான் சாப்பிடப் பழகினாள்.

விதிகள் தொடங்கிய முதல் வாரத்தில், நான் அறையில் தனியே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் பின்னால் வந்து, வழக்கம் போல என் தட்டிலிருந்த பொரித்த துண்டில் கை வைத்தாள். நான் அந்தக் கையில் அடித்தேன். அதற்கு முன் அவளை அடித்ததே இல்லை. அவள் அழவில்லை. வாசற்படிக்கு வெளியே போய் நின்று கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் மதினி வந்து அவளை மூதூருக்குக் கூட்டிப் போனார். மதினிக்குப் பிள்ளைகள் இல்லை.

“நல்லாகி வந்து உன்ட புள்ளய நீயே கூட்டிட்டுப் போ. அதுவரைக்கும் என்ட புள்ள” என்றார்.

பதினான்கு மாதம் அந்த ஆஸ்பத்திரியில் இருந்தேன். என் மனதில் இருந்தது ஒரே காரியம்: நஸீரா திரும்ப என் வீட்டில் இருக்க வேண்டும். மற்றவையெல்லாம் அதற்காகத்தான்.

ஒவ்வொரு நாளும் ஸ்ட்ரெப்டோமைசின் (கிருமியைக் கொல்லும் ஊசிமருந்து) இடுப்பில் போடுவார்கள். பி.ஏ.எஸ். என்றொரு தூள் மருந்தும் தருவார்கள். நாக்கின் ருசியைக் கொன்றது அதுதான். சோறும் சாம்பலும் ஒன்றுபோல் இருந்தன. எட்டாவது மாதம் இடப்பக்க நுரையீரலின் மேற்பகுதியை அறுத்து எடுத்தார்கள். தோள்பட்டைக்குக் கீழிருந்து முன்பக்கம்வரை தழும்பு. இடக்கையை மேலே தூக்க ஆறு வாரம் பிடித்தது. இதே சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: பயிற்சியை விடாதீர்கள். நோகும், ஆனாலும் கை திரும்பி வரும்.

என் கணவர் மாதம் ஒருமுறை இரவு ரயிலில் வருவார். நஸீராவின் கடிதத்தைக் கொண்டுவருவார். முதல் கடிதங்களில் “உம்மா எப்போது வருவீர்கள்” என்று இருந்தது. பத்தாவது மாதத்துக்குப் பிறகு மதினி வளர்க்கும் வாத்துகளைப் பற்றி மட்டும் இருந்தது.

வீட்டுக்கு அனுப்புமுன் பெரிய டாக்டர் என்னை அழைத்தார். அவரும் தமிழர்தான்.

“மூண்டு மாசமாச் சளியில கிருமி இல்லை. உங்களால இனி ஆருக்கும் வராது. மருந்தை மட்டும் விடாம எடுங்கோ.”

“பிள்ளையோட ஒரு தட்டில சாப்பிடலாமா?”

“தாராளமா.”

“இன்னும் ஆறு மாசம் பொறுத்து?”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “டீச்சர், இண்டைக்கே சாப்பிடலாம். வீட்டை போய் மனுசர் மாதிரி இருங்கோ.”

அதையும் எழுதிக்கொண்டேன். வைகாசி முடிவில் திருகோணமலைக்குத் திரும்பினேன்.

ஆனி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மதினி நஸீராவைக் கூட்டி வருவதாக ஏற்பாடாயிற்று. ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு சாப்பாடு. எல்லாம் சரியாக இருந்தால் பிள்ளையை எங்களிடம் விட்டுவிட்டு மதினி மட்டும் நாலரை மணி லோஞ்சில் (விரிகுடாவைக் கடக்கும் பயணிகள் படகு) மூதூருக்குப் போவார்.

நெய்ச்சோறும் இறைச்சி ஆணமும் (குழம்பு) என்று நான் நினைத்திருந்தேன். என் கணவர் மாட்டிறைச்சி மக்ரோனி செய்யப்போவதாகச் சொன்னார். மண்டபத்தில் அதிகாரிகள் காய்ச்சலில் கிடந்து எழும்பினால் அதைத்தான் கேட்பார்களாம். வயிற்றுக்கு இதமாக இருக்குமாம். நெஞ்சில் கத்தி வைத்த உடம்புக்கு மாட்டிறைச்சி கிரந்தி (தழும்பைப் புண்ணாக்கும் உணவு) என்று பக்கத்து வீடுகளில் சொன்னார்கள். டாக்டரிடம் முன்பே கேட்டு வைத்திருந்தேன். இறைச்சி, முட்டை, பால் மூன்றும் சாப்பிடச் சொல்லியிருந்தார். பத்தியம் என்ற பெயரில் நோயாளியைப் பட்டினி போடாதீர்கள் என்று நானும் சொல்கிறேன்.

புகையும் நெருப்பும் எனக்கு ஆகாது. அவர் கதிரையைக் குசினி வாசலில் போட்டு என்னை இருத்தினார். மணிக்கூடு பார்ப்பது என் வேலை. செய்முறையை அன்று நிமிடக் கணக்கோடு எழுதிக்கொண்டேன்.

வெயில் ஏறுமுன் கடைத்தெருவில் வாங்கிய பின்தொடை இறைச்சி இரண்டு இறாத்தல். பாதியை இரண்டு கத்திகளால் பலகையில் கொத்தினார். மற்றப் பாதியைப் பெருவிரல் அளவு துண்டுகளாக விட்டார். பட்டரில் சின்ன வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்கினார். பிறகு இறைச்சி, பழுத்த தக்காளி, ஒரு துண்டு கறுவாப்பட்டை, மிளகு. தண்ணீர் அரைக் குவளைதான். மூடி, சின்ன நெருப்பில் ஒரு மணி ஐம்பது நிமிடம்.

“மிளகாய்த்தூள்?” என்றேன்.

“போட்டா அது நம்மட ஆணமாப் போயிடும். இது பாசை தெரியாத ஆணம். சும்மா விடு.”

மக்ரோனி பழைய கையிருப்பு. வெள்ளைக்காரர் போகும்போது விற்ற சாமான்களில் வாங்கியது. ஒரே ஒரு பொதி மிச்சம். கொதிக்கும் உப்புத் தண்ணீரில் போட்டார்.

“டீச்சர், எத்தின நிமிசம் ஆச்சு?”

“ஒன்பது.”

“பன்னண்டில செல்லு. புள்ள தின்னப் போற. பல்லு விழுந்திருக்காம்.”

முன்பல் விழுந்தது எனக்குத் தெரியாது. கடிதத்தில் அவள் அதை எழுதவில்லை.

வடித்த மக்ரோனியை இறைச்சியோடு பிரட்டித் தட்டையான சட்டியில் பரப்பினார். மேலே மாவும் பட்டரும் பாலும் காய்ச்சிய வெள்ளைக் குழம்பு. சாதிக்காயை நான் உரசிக் கொடுத்தேன். டின் சீஸைத் துருவித் தூவினார். சட்டியைப் பெரிய பிஸ்கட் தகரத்துக்குள் வைத்து, கீழும் மேலும் தணல் போட்டார். இருபத்தைந்து நிமிடம். இறைச்சியும் பாலும் சேர்ந்து தீய்கிற வாசனை வந்தது. பதினான்கு மாதத்தில் முதல்முறையாக எனக்கு வாயூறியது.

அவர்கள் வந்தபோது வெளியே கச்சான் (தென்மேற்குக் காற்று) புழுதியை அள்ளிக்கொண்டிருந்தது. மதினியின் கையில் துணிப்பை. நஸீராவின் உடுப்பெல்லாம் அதில் இருக்கிறது என்று அதன் பருமனைப் பார்த்தே தெரிந்தது. அவள் உயர்ந்திருந்தாள். மதினிக்குப் பின்னால் நின்று “அஸ்ஸலாமு அலைக்கும்” என்றாள். தன் வீட்டுக்கு வந்த பிள்ளை, விருந்தாளி போல் ஸலாம் சொன்னாள். நானும் விருந்தாளிக்குச் சொல்வது போல் பதில் சொன்னேன். அணைத்திருக்கலாம். தூரத்தைக் கண்ணால் அளந்துவிட்டு இருந்த இடத்திலேயே இருந்தேன்.

ஜும்ஆ முடிந்து கணவர் வந்ததும் சாப்பாடு. அன்று பாய் விரிக்கவில்லை. மேசையில் நான்கு பீங்கான் தட்டும் நான்கு முள்ளுக்கரண்டியும் வைத்திருந்தார். மண்டபத்துச் சாமான்கள். இரண்டில் விளிம்பு உடைந்திருந்தது. அவற்றைத் தனக்கும் எனக்கும் வைத்தார். வெள்ளைக்காரச் சாப்பாட்டை வெள்ளைக்காரர் போலச் சாப்பிடுவதில் அவருக்கு ஒரு பெருமை என்று நினைத்துக்கொண்டேன்.

மதினி தட்டைக் கூர்ந்து பார்த்தார். “என்னடா தம்பி இது? றப்பர்க் குழாய வெட்டிப் போட்டிருக்கிறாய்.”

“கோதும மா ராத்தா, மா. தின்னு பாருங்க.”

“மாவுக்கு ஏன் ஓட்டை?”

“ஆணம் உள்ளுக்குப் போறதுக்கு.”

“வெள்ளக்காரன் கப்பலேறிப் போயிட்டான். இவன்ட முள்ளும் பீங்கானும் மட்டும் இஞ்ச நங்கூரம் போட்டுக் கிடக்கு.”

நஸீரா சிரித்தாள். முன்பல் இரண்டும் இல்லை. கணவர் ஒரு முள்ளுக்கு ஒன்றாக நான்கு மக்ரோனியைக் கோத்துக் காட்டினார். அவளும் கோத்தாள். ஒன்றை எடுத்து ஊதிப் பார்த்தாள். சத்தம் வந்தது. “வாப்பா, குழல்” என்றாள். “புள்ள, சாப்பாட்ட ஊதாத” என்று மதினி அதட்டினார். பிறகு யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துத் தானும் ஒன்றை எடுத்து ஓட்டைக்குள்ளால் பார்த்தார்.

நான் சாப்பிட்டேன். இறைச்சி நாக்கில் வைத்ததும் நூலாகப் பிரிந்தது. கறுவா தெரிந்தது. பிறகு சாதிக்காய். ருசி என்பது இப்படித்தான் இருந்தது என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. நஸீரா என் வலப்பக்கம், ஒரு முழத் தூரத்தில் இருந்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். உடுப்பை அலுமாரியில் எந்தத் தட்டில் வைப்பது என்றுகூட யோசித்தேன்.

என் தட்டில் நல்ல துண்டு ஒன்று அகப்பட்டது. ஒரு பக்கம் சிவக்கத் தீய்ந்து, மற்றப் பக்கம் மெதுமையாக இருந்தது. யோசித்துச் செய்யவில்லை. முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டு அந்தத் துண்டை விரலால் எடுத்து, அவள் தட்டுப் பக்கம் கொண்டுபோனேன்.

பாதி வழியில் கை நின்றது.

நான் நிறுத்தவில்லை. அது நின்றது. டாக்டர் சொன்னது எனக்கு நன்றாகத் தெரியும், எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் கைக்கு அது தெரியவில்லை. கைக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பதினொரு விதிகள்தான்.

நஸீரா என் கையைப் பார்த்தாள். அவளுடைய இரண்டு கைகளும் மேசைக்குக் கீழே போயின.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. அன்று நான் குறிக்காமல் விட்ட நேரம் அது ஒன்றுதான். துண்டைத் திருப்பி என் வாயில் போட்டுக்கொண்டேன்.

“எனக்குப் போதும்” என்றாள் நஸீரா.

“தின்னு புள்ள. உம்மாக்கு இப்ப சுகம்” என்றார் மதினி.

“சுகமெண்டா ஏன் உம்மா கைய நிப்பாட்டின?”

கணவர் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனார். சாடி நிறையத் தண்ணீர் மேசையில் இருந்தது.

நாலு மணிக்கு மதினி துணிப்பையை எடுத்தார். அதன் முடிச்சு அவிழ்க்கப்படவே இல்லை. “புள்ளய நான் புடிச்சி வெக்கல்ல. நீ கண்டதானே. இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அவர் போனது என்ட மடியில. அந்தப் பயம் எனக்கு இரிக்கி, இல்லெண்டு செல்லல்ல. ஆனா புள்ளைக்கு நான் பயம் காட்டல்ல. அல்லா அறிவான்” என்றார்.

நம்பினேன். பயத்தைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும்.

அவர்கள் இறங்குதுறைக்குப் போன பிறகு கணவர் தட்டுகளைக் கழுவினார். என்னுடையதைத் தனியே வைக்காமல் மற்றவற்றோடு சேர்த்துக் கழுவினார். பிறகு, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

“ராத்தா ஒரே சஹன்ல இருக்க மாட்டா எண்டு முந்தியே செல்லி அனுப்பினா. அது உன்ட காதுல விழப்படாது எண்டுதான் மக்ரோனி. பீங்கான்ல வெச்சா ஆருக்கும் வித்தியாசம் தெரியாதே.”

“தெரியல்ல. நீங்க சரியாத்தான் செஞ்சிங்க” என்றேன்.

மிஞ்சிய மக்ரோனி சட்டியில் ஆறிக் கட்டியாகியிருந்தது. அவர் அதைச் சுரண்டி, தெருக்கோடியில் இருந்த ஒரு வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். அந்த வீட்டார் வாங்கவில்லை. காரணம் சொல்லவும் இல்லை.

ஒரு மாதம் கழித்து நானே லோஞ்சில் மூதூருக்குப் போனேன். அதுவரை தனியே பயணம் செய்யவில்லை. இறங்குதுறையிலிருந்து மதினியின் வீடு கால் மைல். மூன்று இடத்தில் நின்று போனேன். நஸீரா முற்றத்து மரத்தின் கீழ் கணக்குச் செய்துகொண்டிருந்தாள். சற்றுத் தள்ளி இருந்தேன்.

“மகள், நான் ஆஸ்பத்திரிக்குப் போக முந்தி உனக்கு ஒரு அடி அடிச்சேன். கையில. அது பிழை.”

அவள் கொப்பியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “ஒண்டில்ல. ரெண்டு.”

ஒன்று என்பது எனக்கு நிச்சயமாக இருந்தது. ஆனால் அவள் அதைச் சொன்ன விதத்தில் தர்க்கிக்க இடமில்லை.

“ரெண்டு” என்று ஒத்துக்கொண்டேன்.

“இனி அடிப்பீங்களா?”

“இல்ல.”

“கிட்ட வந்தா?”

“வரலாம். டாக்டர் செல்லிட்டார்.”

“டாக்டர் செல்லிட்டார். நீங்க செல்லல்லியே.”

அவளுக்கு அப்போது எட்டு வயது. நான் இருபது வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள். சொல்ல வேண்டிய ஒரே வசனத்தைச் சொல்லவில்லை என்பதை அந்த முற்றத்தில்தான் அறிந்தேன்.

“நான் செல்றன். வரலாம்.”

அவள் ஒரு கணக்கை முடித்து, விடையின் கீழ் இரட்டைக் கோடு போட்டாள். “பள்ளிக்கூடம் திறக்கக்குள்ள வாறன்” என்றாள்.

வீட்டுக்கு வந்து பழைய நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். நான் அவளை அடித்த நாள்: “காய்ச்சல் 100.2. பசி குறைவு. தட்டு பத்து நிமிடம் அவித்தது.” அவ்வளவுதான். ஒரு அடியும் இல்லை, இரண்டும் இல்லை. அதன் ஓரத்தில் “இரண்டு” என்று எழுதி, எழுதிய நாளின் திகதியையும் இட்டேன். பிறகு விதிக் கொப்பியை எடுத்தேன். பதினொரு விதிக்கும் தொடங்கிய திகதி இருந்தது. ஒன்றுக்கும் முடிகிற திகதி இல்லை. அதற்கென்று ஒரு பத்தியே நான் கீறியிருக்கவில்லை.

வீட்டில் நோயாளியை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். டாக்டர் சொன்னதற்கு மேல் விதி போடாதீர்கள். போட்டால், அது எப்போது முடியும் என்றும் அன்றே எழுதிவிடுங்கள். அந்த நாள் வந்ததும் பிள்ளையின் முன்னால், வாயால் சொல்லி, அதை முடியுங்கள்.

தை மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது நஸீரா வந்தாள். மழையும் பெருங்கடலுமாக லோஞ்ச் நான்கு நாள் ஓடவில்லை. ஐந்தாம் நாள் நனைந்த துணிப்பையோடு வந்து இறங்கினாள். நான் வாசலில் நின்றேன். அன்று அணைத்தேன். அவள் அணைக்க விட்டாள். அதற்கு மேல் அன்று ஒன்றும் நடக்கவில்லை.

அவள் வந்ததோடு எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று எழுதினால் பொய். சாப்பிடும் நேரத்தில் அவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு யன்னல் பக்கம் போய்விடுவாள். பிடிவாதமல்ல, பழக்கம். வீட்டில் சஹன் வைப்பது தானாக நின்றுபோயிற்று. மக்ரோனியும் பிறகு செய்யவில்லை. கடைகளில் எப்போதாவது வந்தது. கணவர் வாங்கவில்லை, நானும் கேட்கவில்லை. நான் மருந்தை முடித்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை படம் எடுத்தேன். எல்லாம் சுத்தம். இன்றுவரை நல்ல துண்டு ஒன்று என் பக்கம் அகப்பட்டால், என் கை கொஞ்சம் பாரமாகிறது.

பகல் ஒன்றிலிருந்து மூன்றுவரை நான் படுத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் பழக்கிய அந்த ஒழுங்கு இன்னும் உண்டு. அவள் வந்து இரண்டு வருடமான பின், ஒரு நாள் அந்த நேரத்தில் அறைக்குள் வந்து கட்டில் ஓரத்தில் இருந்தாள். பத்து வயது முடிந்திருந்தது.

“உம்மா, அங்கால திரும்புங்க.”

சுவர்ப் பக்கம் திரும்பினேன். என் முதுகில், தழும்புக்கு மேலே, அவள் காதை வைத்தாள். சட்டைத் துணிக்குள்ளால் காதின் சூடு தெரிந்தது.

“இழுங்க.”

மூச்சை இழுத்தேன்.

“விடுங்க.”

விட்டேன். மூன்றுமுறை அப்படிச் செய்வித்தாள்.

“இஞ்ச சத்தம் காணாது.”

“அந்தத் துண்டு இல்ல மகள். எடுத்துட்டாங்க.”

“அப்ப காத்து எங்க போற?”

“மிச்சமிருக்கிறதுக்குள்ள.”

அதை யோசித்தாள். பிறகு காதை எடுத்து மற்றப் பக்கத்தில் வைத்தாள். அவளுடைய தலைமயிர் என் கழுத்தில் பட்டது. நான் அசையவில்லை.

“இழுங்க” என்றாள்.

இழுத்தேன். அவள் ‘விடுங்க’ என்று சொல்லும்வரை அப்படியே வைத்திருந்தேன். அவள் அதைச் சொல்லக் கன நேரம் எடுத்தாள்.